ஒண்டி ஆளுக்கு ரூம்

வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் எங்கள் தோல் சீமைக்கு வருஷா வருஷம் சில பேர் இப்படி வந்து இறங்குகிறார்கள். பதினைந்து இருபது வருஷம் வெளியே இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பியவர்கள். குடும்பத்தைச் சென்னையில் மாமியார் வீட்டில் இறக்கிவிட்டு, ஒரு சனி ஞாயிறு மட்டும் தனியாக வருவார்கள். கல்யாணம் கிடையாது, சாவு கிடையாது, பத்திரப் பதிவும் கிடையாது. எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால், "சும்மா, கொஞ்சம் யோசிக்கணும்" என்பார்கள்.

யோசிப்பதற்கென்று ஒருவன் ரயில் டிக்கெட் எடுத்து வருவான் என்பதை இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் நம்பத் தயாராக இல்லை. யோசனை இங்கே வேலைக்கு நடுவில் நடக்கிற காரியம். கம்பெனி பஸ்ஸில், டீக்கடை வாசலில், ரேஷன் வரிசையில்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். காட்பாடி ஜங்ஷனில் காலை ரயிலிலிருந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே கவர் இருக்கும். மீதியில் பாதி வி.ஐ.டி. காலேஜ் பிள்ளைகள். இரண்டிலும் சேராமல், கோடு போடாத புது நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பிளாட்பாரத்தில் நின்று காற்றை ஆழமாக உள்ளே இழுத்துக் கண்ணை மூடுகிறவர் நம்மவர். அந்தக் காற்றில் வடை எண்ணெயும் வெயிலும்தான் இருக்கும். ஆனாலும் இழுப்பார்.

முந்தின ராத்திரியே வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டாயிற்று: "இரண்டு நாள் எனக்கே எனக்கு. போன் அணைந்திருக்கும். மன்னிக்கவும்." போன் அணைந்திருக்காது. அந்த ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்க்க அது வேண்டுமே. தனியாக இருப்பது என்பது நம்மவரைப் பொறுத்தவரை நாலு பேருக்குத் தெரிந்து நடக்க வேண்டிய விசேஷம்.

இவர்களில் ரகங்கள் உண்டு. துபாய், ஜித்தா ரகம் பழைய ரகம். கலிபோர்னியா ரகம் கொஞ்சம் புதுசு. எங்களுக்கே உரியது மூன்றாவது, தோல் டெக்னீஷியன் ரகம். தோல் போன வழியெல்லாம் இந்தப் பக்கத்து ஆள் போயிருக்கிறான். கான்பூர், கல்கத்தா, டாக்கா, குவாங்சோ, அடிஸ் அபாபா என்று ஒவ்வொரு ஊரிலும் ஆம்பூர் பேச்சுக்கு ஆம்பூர் பேச்சிலேயே பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. இந்த ரகத்தின் அடையாளம், புது மனிதரைப் பார்த்தால் முகத்துக்கு முன்னால் காலைப் பார்ப்பது. வெளிநாட்டு விமான நிலையத்தில் பெரிய கடைக்குள் நுழைந்து, நம்மால் விலையைப் படிக்கக்கூட முடியாத ஷூ ஒன்றை எடுத்து மடக்கிப் பார்த்து, உள்ளே மூக்கை விட்டு மோந்து, "அப்பர் நல்லாகீது, லைனிங்ல ஏமாத்திட்டான்" என்று சேல்ஸ் பெண்ணிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு வைத்துவிட்டு வருவார். அந்த அப்பரைத் தைத்தது பெரும்பாலும் அவருடைய அத்தை பெண்ணாக இருக்கும்.

ஊருக்கு வந்ததும் முதல் அடி வாங்குவது முகவரியில். அவர் பிறந்தது வட ஆற்காடு மாவட்டம். 1989இல் அதைப் பிரித்தபோது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆயிற்று; எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் அந்தப் பெயரில். தொண்ணூறுகளின் நடுவில் வேலூர் மாவட்டம். பாஸ்போர்ட் அந்தப் பெயரில். 2019இல் மூன்றாக உடைத்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆதாரை இனிமேல்தான் திருத்த வேண்டும். வீடு ஓர் அங்குலம் நகரவில்லை. நகர்ந்தது இவர்தான் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார். "நான் வேலூர் டிஸ்ட்ரிக்ட்டுங்க" என்று பெருமையாக ஆரம்பிப்பார். "இப்ப இல்லீங்க" என்று எதிரில் இருப்பவர் முடித்து வைப்பார்.

ஆம்பூர்க்காரர் ஏன் வேலூரில் ரூம் போடுகிறார்? ஆம்பூரில் போட்டால் அரை மணி நேரத்தில் சித்தி வந்து நிற்பாள். வேலூரில் யாருக்கும் தெரியாது என்று கணக்கு. யாருக்கும் தெரியாது என்கிறவரை கணக்கு சரிதான்.

வேலூரில் லாட்ஜுகளுக்கு ஒரு தர்மம் இருக்கிறது. 1900இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கிய ஊர் இது. அந்தக் கட்டில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்து, வங்காளம், ஜார்கண்ட், அசாம், மணிப்பூர், பங்களாதேஷ் என்று கிழக்கே இருக்கிற ஊர்களெல்லாம் மூட்டை கட்டி வந்து இறங்குகிற இடமாகிவிட்டது. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டு வங்காளியில், மெடிக்கல் ஷாப் போர்டு வங்காளியில், மெஸ்ஸில் கடுகெண்ணெயில் பொரித்த மீன். இங்கே ரூம் கேட்கிறவர்களில் இரண்டு வகைதான்: பேஷன்ட், அட்டெண்டர். ஒற்றைக் கட்டிலில் ஆரம்பித்த ஊரில் ஒண்டி ஆளுக்கு ஒரு கட்டில் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நம்மவர் அன்றைக்குத் தெரிந்துகொள்வார்.

"கித்னே லோக்?"

"தமிழ்லயே பேசலாம். ஒரு ஆளுதான்."

கிளார்க் நிமிர்ந்து பார்க்கிறார். "பேஷன்ட்டு அட்மிஷன் ஆயிட்டாங்களா சார்?"

"பேஷன்ட்டெல்லாம் யாரும் இல்ல."

"அப்போ உங்களுக்குத்தானா? எந்த டிபார்ட்மென்ட்டு?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. சும்மா ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு."

"எந்த ஊரு?"

"ஆம்பூர்."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார். உள்ளூர் ஆள், ஒண்டியாக, உடம்புக்கு ஒன்றுமில்லை, ரூம் வேண்டும். லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு இந்த நாலும் ஒன்றாகச் சேர்ந்தால் வயிற்றைக் கலக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வூட்ல எதுனா பிரச்சினையா சார்? எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்" என்கிறார். ஆதார் கொடுத்தாலும் போதாது, சம்சாரத்தின் நம்பர் வேண்டும். எதிரிலேயே போன் போடுகிறார். அந்தப் பக்கம் அம்மாள் நிதானமாக, "ஆமாங்க, யோசிக்கத்தான் வந்திருக்காரு. வேளைக்குச் சாப்பிட்டாரான்னு மட்டும் பாத்துக்கங்க" என்கிறார்.

சாவி கிடைத்துவிடுகிறது. அதற்கப்புறம் மணிக்கொரு தரம் ரூம் பையன் கதவைத் தட்டுவான். "தண்ணி வேணுமா சார்?" தண்ணீர் அல்ல விஷயம். ஆள் மூச்சோடு இருக்கிறாரா என்று பார்த்துவரச் சொல்லி உத்தரவு. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, "நான் யார்?" என்று எழுதி அடிக்கோடு போடுவதற்குள் மூன்று முறை தட்டியாயிற்று.

சரி, வெளியே போகலாம் என்று ஆட்டோ பிடிப்பார். "பையா, கஹா ஜானா ஹை?" என்பார் டிரைவர். ஆஸ்பத்திரித் தெருவில் நிற்கிற சுத்தமான சட்டைக்கு இங்கே இதுதான் பாஷை. நம்மவருக்குப் பெருமைக்குரிய இந்தி ஒன்று உண்டு, ஜித்தாவில் பாகிஸ்தானி டாக்ஸிக்காரர்களிடம் கற்றது. வாய் தானாக அதில் பதில் சொல்லிவிடும். வேலூர்க் காகிதப்பட்டறையில் பிறந்த ஒருவரும் ஆம்பூரில் பிறந்த ஒருவரும் கோட்டை வரைக்கும் இந்தியில் பேசிக்கொண்டு போவார்கள்: வெயில், போக்குவரத்து, கிரீன் சர்க்கிள் ஜாம், மோடி. இறங்கும்போது, "சில்ற இல்லியே" என்று நம்மவருக்கு நழுவிவிடும். "அட, நம்மூரா சார் நீங்க? மொதல்லியே சொல்லக் கூடாது?" என்று டிரைவர் ஆறுமாதப் பிரிவு தீர்ந்த அன்போடு தோளைத் தட்டுவார். வாடகையில் ஒரு ரூபாய் குறையாது.

கோட்டை அகழியோரம் உட்கார்வது இந்த யாத்திரையின் முக்கியமான சடங்கு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய நையாண்டி உண்டு. வெளிநாட்டில் இருந்த காலமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லியே நண்பர்களைச் சிரிக்க வைத்தவர் அவர். அதில் ஒன்று எப்போதோ பழசாகிவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அத்தனை காலம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பிய ஜலகண்டேஸ்வரரை யாரும் "எவ்ளோ சேத்த?" என்று கேட்கவில்லை. நேராக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். நம்மவருக்கு அந்த வசதி இல்லை.

ஆனால் இந்தக் கோட்டையில் உட்கார்ந்து வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி யோசிக்கிறவருக்கு விஷயம் நிறைய இருக்கிறது. இது ஊருக்குப் போக முடியாதவர்களை வைத்திருந்த இடம். சீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் பிள்ளைகளை இங்கேதான் வைத்தார்கள். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளப்பிய கலகம் ஒரே நாளில் அடங்கிப்போக, அந்தக் குடும்பத்தையே கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே கைதியாக வந்து, 1832இல் இங்கேயே இறந்தான். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவனுக்குத்தான். பாஸ்போர்ட்டை முதலாளியின் அலமாரியில் விட்டுவிட்டு நாலு வருஷம் ஊர் வராமல் இருந்த நம்மவருக்கு இது புரியாமல் இல்லை. கண்டி ராஜாவுக்கு எக்ஸிட் விசா கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த இரண்டு நாளில் அவர் எழுதியதில் உருப்படியான வரி அது ஒன்றுதான் என்பது என் கட்சி. இன்னொன்றும் எழுதியிருக்கலாம். அன்றைக்கு வேலூரிலிருந்து கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள்; இன்றைக்குக் கல்கத்தா தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு வேலூருக்கு வருகிறது.

அடுத்த வரி எழுதுவதற்குள் ஒரு பையனும் பெண்ணும் வந்து, "அங்கிள், கொஞ்சம் தள்ளி ஒக்காந்துக்கறீங்களா?" என்பார்கள். அகழியோரத்து நிழலுக்கு எப்போதும் கிராக்கி. வாக்கிங் வந்த ரிடையர்டு வாத்தியார் ஒருவர் நின்று, "நீ யார் வூட்டுப் புள்ள?" என்று கேட்பார். நம்மவர் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். தனிமைக்காக நூற்று முப்பது கிலோமீட்டர் வந்தவர், அப்பா பெயர், தாத்தா பெயர், தாத்தா வேலை பார்த்த தோல்மண்டி, அந்த மண்டி முதலாளி குடும்பம் என்று அவிழ்த்துக்கொண்டே போவார். வாத்தியார்தான் கடைசியில் மெதுவாக நழுவ வேண்டியிருக்கும்.

எனக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக உண்டு. இவர்கள் தனியாக இருக்க வருவதில்லை. தனியாகப் போனால் யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்க வருகிறார்கள். கண்டுபிடித்தால் "விட மாட்டேங்கறாங்க" என்று சலித்துக்கொள்ளலாம்; கண்டுபிடிக்காவிட்டால் "ஊரு மாறிப்போச்சு" என்று வருத்தப்படலாம். எப்படியும் நஷ்டமில்லை.

ராத்திரி லாட்ஜ் வராந்தாவில் பக்கத்து ரூம் பெரியவர் இருப்பார். மால்டாவிலிருந்து மகளின் ஆபரேஷனுக்காக வந்தவர். ஒரு டப்பா நிறைய பொரியை நீட்டி, "ஆப்கா கோன் பீமார் ஹை?" என்று கேட்பார். யாருக்கு உடம்பு சரியில்லை? காலையிலிருந்து எத்தனையாவது முறையோ இந்தக் கேள்வி. "யாருமில்லை" என்று சொன்னால் எதிராளி முகம் வாடுகிறது, ஏதோ கொடுக்க வந்ததை வாங்க மறுத்த மாதிரி. நம்மவர் தோற்றுப்போய், "முஜே ஹீ. கிட்னி மே பத்தர்" என்று விடுவார். கிட்னியில் கல். அவ்வளவுதான். வராந்தாவே எழுந்து வந்துவிடும். எந்த டாக்டர், எந்தக் கட்டடம், எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும், எந்த மெஸ்ஸில் காரம் குறைவு, வாழைத்தண்டு சாறு எந்தத் தெருவில் கிடைக்கும் எல்லாம் வந்து விழும். பதினைந்து வருஷத்தில் யாரும் தன்மீது இவ்வளவு அக்கறை காட்டவில்லை என்று அவருக்கே கண் கலங்கிவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்கு ரூம் பையனுக்கு முன்னால் மால்டாப் பெரியவர் கதவைத் தட்டுவார்: வெறும் வயிற்றோடு வரவேண்டும், கிளம்புங்கள்.

அதற்குப் பயந்தே ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் ஆம்பூர் பஸ் ஏறுவார். ஷூ கம்பெனிகளுக்கு லீவு. மற்ற நாளென்றால் விடிந்ததும் ரோட்டோரம் டிபன் பையோடு பெண்கள் நிற்பார்கள், கம்பெனி பஸ் ஒன்றன்பின் ஒன்றாக அள்ளிக்கொண்டு போகும். ஊரின் சம்பாத்தியம் இவர்கள் விரலில் இருக்கிறது. இவர் அனுப்பிய டிராப்டில் இருந்ததாக இவர் நினைப்பது தனி.

பிரியாணி. இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை தோறும் ரூம் நண்பர்களிடம் ஆம்பூர் பிரியாணியைப் பற்றிப் பிரசங்கம் செய்தவர் அவர். ஹைதராபாத்காரனோடு சண்டை போட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்ததும் உண்டு. சீரகச் சம்பா அரிசி. தூளாக இல்லாமல் ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுது. அரிசியைத் தனியே முக்கால் வேக்காட்டில் வடித்துக் கறியோடு சேர்ப்பது. மூடிமேல் நெருப்புத் துண்டைப் பரப்பித் தம் போடுவது. பக்கத்தில் கத்திரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி. எல்லாம் மனப்பாடம். சமைக்க மட்டும் தெரியாது. கத்திரிக்காயைப் பற்றித் தனி அத்தியாயமே உண்டு. இலவம்பாடி முள் கத்திரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தன் தம்பி ஐ.ஏ.எஸ். பாஸானதைப் போல ஆபீஸ் முழுக்க இனிப்புக் கொடுத்தவர்.

கடையில் தனி மேஜை கேட்பார். சப்ளையர் அவரை இரக்கத்தோடு பார்த்து, ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேஜையில் நாலாவதாகச் செருகுவார். ஆம்பூரில் பிரியாணி விஷயத்தில் ஒருத்தர் தனியாக எதையும் செய்ய முடியாது, கலெக்டரே ஆனாலும். 2022இல் அரசு சார்பில் பிரியாணித் திருவிழா என்று அறிவித்தார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றதும் ஊர் எழுந்து நின்றது. மழையைக் காரணம் சொல்லித் தள்ளி வைத்தார்கள். அப்படிப்பட்ட ஊரில் இவர் முதல் வாயை வைத்துவிட்டு, திரும்பி வந்தவர்கள் எல்லோரும் சொல்லியே ஆகவேண்டிய அந்த வசனத்தைச் சொல்வார்: "அந்தப் பழைய டேஸ்ட் இல்ல."

கல்லாவில் இருக்கிற பாய் தலையைத் தூக்காமலே, "கடைல எல்லாம் அதேதான் சார். நாக்குதான் போயிட்டு வந்துகீது" என்பார். எதிரில் உட்கார்ந்திருப்பவர்கள் சிரிப்பார்கள். நம்மவர் இன்னொரு அரை பிளேட் சொல்லுவார். சர்க்கரை மாத்திரை லாட்ஜில் இருக்கிறது.

அப்புறம் பாலாறு. பாலத்தின்மேல் நின்று மணலைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். "எப்படி ஓடின ஆறு!" இவர் காலத்தில் ஓடவில்லை. இவர் அப்பா சொன்ன பெருமூச்சு இது, சொத்தோடு வந்தது. ஓடியது 2021 நவம்பரில். கரை கொள்ளாமல் வந்த அந்த வெள்ளத்தை இவர் கைபேசியில் பார்த்தார். பாலத்திலிருந்து காற்றை மறுபடியும் இழுத்துவிட்டு, "தோல் ஷாப்பு நாத்தமே கொறஞ்சுபோச்சே" என்று ஏங்குவார். அந்த நாற்றம் பிடிக்காமல்தான் விசா எடுத்தார் என்பது அவர் தம்பிக்குத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, நிலம் போய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996இல் கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வாங்கி, 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் மறுபடி பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிற சீமை இது. குடிதண்ணீர் வண்டிக்குக் குடத்தோடு நிற்கிறவர்களிடம் போய் நாற்றத்துக்காக ஏங்கினால் குடம் பறந்து வரும். நல்லவேளை, அவர் அதைத் தனிமையில்தான் சொல்கிறார்.

இதற்குள் சித்திக்குத் தெரிந்துவிட்டது. கோட்டை அகழி போட்டோவை ஸ்டேட்டஸில் போட்டது யார்? இவரேதான். "ஊருக்கு வந்து லாட்ஜுல தங்கினியாமே. நாங்கல்லாம் செத்துட்டமா?" என்று போனில் ஆரம்பித்த சித்தி, பாலத்துக்கே மகனை பைக்கில் அனுப்பிவிடுவாள். பிரியாணியின் மேல் இட்லி, இட்லியின் மேல் மக்கன் பேடா. வயிற்றில் இடமில்லை என்றால், "லாட்ஜு சோறு எறங்குச்சா?" மதியம் அங்கேதான் வந்து சேர்வான் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன். பழைய கதை பேசத்தான் வந்ததாகச் சொல்லுவான். பையிலிருந்து லே-அவுட் மேப்பை எடுக்கப் பத்து நிமிஷம்கூட ஆகாது.

இரண்டு நாளில் இவருடைய தனிமையைத் தொழில்முறையில் மதித்த ஒரே மனிதன் அவன்தான். "ஒனக்கு இன்னா வேணும், அமைதி. அவ்ளோதானே? காட்டறேன் வா."

காட்டுவான். ஹைவேஸிலிருந்து பத்து நிமிஷம், சி.எம்.சி. பக்கம், வி.ஐ.டி. பக்கம், ஏர்போர்ட் வரப்போகிறது, தங்கக் கோயில் கோபுரம் மொட்டை மாடியிலிருந்து தெரியும். நாலு பக்கமும் கல் நட்டு நடுவே முள்ளுச் செடி. சத்தமே இல்லை. நம்மவர் அங்கே நின்று மூன்றாவது முறையாகக் காற்றை இழுப்பார். "இங்க ஒரு சின்ன வீடு, ஒரு வேப்பமரம், நான் மட்டும்" என்பார். "மரம் நான் வெக்கறேன், நீ அட்வான்ஸு வெய்" என்பான் சிநேகிதன்.

ஞாயிறு மாலை ரயில் ஏறும்போது நோட்டுப் புத்தகத்தில் "நான் யார்?" என்பதற்குக் கீழே சர்வே எண், சதுர அடி, கைடு லைன் மதிப்பு, மீதித் தொகைக்குக் கெடு எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கும். சம்சாரம் போனில், "நல்லா யோசிச்சீங்களா?" என்பார். "ரொம்பத் தெளிவா இருக்கு" என்பார் இவர். இப்படித் தெளிந்த மனைகள் காட்பாடி சுற்றுவட்டாரத்தில் ஏராளம். அதில் ஒன்றின் சொந்தக்காரர் மறுபடி துபாய் போய்விட்டார், ஒரே ஒரு வருஷம், கடனை அடைத்துவிட்டு வந்துவிடுவாராம். வேலி போட்டு, "இந்த இடம் விற்பனைக்கு அல்ல" என்று போர்டு மாட்டியிருக்கிறது. கீழே அவர் துபாய் நம்பர். ஆடு மேய்க்கிற கிழவர் ஒருவர் அதைப் பார்த்து, யாரிடமோ செல்லை வாங்கிப் போட்டுப் பார்த்தாராம், போகவில்லை. கடைசி இரண்டு எண் இல்லை. போர்டு எழுதினவரைக் கேட்டதற்கு, "பத்துக்கு மேல எங்க சார் நம்பர் கீது? அவரு தப்பா குடுத்துட்டாரு, நான்தான் சரி பண்ணேன்" என்றார்.